உடல்வாகு என்னும் சொல்

தமிழில் உடல்வாகு என்ற சொல் வெறும் விவரமாக வருவது அரிது. ஒடிசலான உடம்பு, பூசினாற்போன்ற உடம்பு, தாட்டியான பெண், எலும்பும் தோலுமாக இருக்கிறாள், ஒரு பிள்ளை பெற்றதும் ஊதிவிட்டாள்: ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வண்டியில் ஏறியதும் பேசுவது இதைத்தான். குழந்தை பார்க்க வருகிறவர்கள் குழந்தைக்கு அடுத்தபடியாகப் பார்ப்பதும் இதைத்தான். ஆணுடலுக்கும் இப்படிச் சொற்கள் உண்டு. ஆனால் அவனுடைய படிப்பையும் சம்பளத்தையும் தாண்டி அவை முன்னால் வந்து நிற்பதில்லை.

மருத்துவத்திலும் உடல்வாகு ஒரு கலைச்சொல். உயரம், எடை, மார்புக்கூட்டின் அகலம், விலா எலும்புகள் முன்புறம் கூடுகிற கோணம் ஆகியவற்றை வைத்து உடல்களை வகை பிரித்து, அந்த வகைக்கும் உள்ளுறுப்புகளின் வடிவத்துக்கும் என்ன உறவு என்று தேடுகிற ஆய்வுமரபு ஒன்று இருக்கிறது. அதில் கல்லீரலுக்கு முக்கியமான இடம். மீயொலிக் கருவி, நம் பேச்சு வழக்கில் ஸ்கேன், வந்த பிறகு அந்த ஆய்வை உயிரோடு இருப்பவர்களிடம் கத்தியில்லாமல் செய்ய முடிகிறது. இந்த ஆய்வுகளை ஒரு தமிழாசிரியைக்குரிய சந்தேகத்தோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். பெண்ணுடலை வகை பிரித்த கைகளில் எது சுத்தமாக இருந்திருக்கிறது? வாசித்து முடித்தபோது சந்தேகம் போகவில்லை, கேள்வி கூர்மையானது. உடல்களை வகை பிரிப்பது எப்போது அறம், எப்போது வன்முறை?

முதலில் ஈரலைப் பார்ப்போம். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று கல்லையும் மண்ணையும் நுரையையும் வைத்துத் தமிழ் இந்த உறுப்புகளுக்குப் பெயரிட்டிருக்கிறது. ஆட்டை அறுத்துச் சுத்தம் செய்து பழகிய கைகள் தொட்டுப் பார்த்து வைத்த பெயர்கள் போல அவை ஒலிக்கின்றன. பிள்ளைக்கு ஏதாவது என்றால் நம் பெண்களுக்கு நடுங்குவதும் ஈரக்குலைதான். அந்தக் கல்லீரல் சுமார் ஒன்றரைக் கிலோ எடையோடு, வலப்பக்க விலா எலும்புகளுக்குள் ஒதுங்கி, உதரவிதானத்தின் அடியில் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. அகன்ற மார்புக்கூடு கொண்டவர்களிடம் அது குறுக்காகப் படுத்திருக்கும். இடப்பக்க மடல் நீண்டிருக்கும். ஒடுங்கிய மார்பும் நெடிய உடலும் கொண்டவர்களிடம் செங்குத்தாக நிற்கும்; வலப்பக்க மடல் கீழ்நோக்கி இறங்கியிருக்கும். லெனின்கிராட்டைச் சேர்ந்த உடற்கூறியலாளர் விக்தர் ஷெவ்குனென்கோ, உடற்கூறு என்பது ஒற்றைப் படம் இல்லை, இரண்டு எல்லைகளுக்கு நடுவில் பரந்து கிடக்கிற வேறுபாடு என்று கற்பித்தார். அவர் சடலங்களை வைத்துச் சொன்னார். சடலத்தின் ஈரல் தட்டையாகிக் கிடக்கும். ஸ்கேன் அறையிலோ "மூச்சை நல்லா இழுத்து நிறுத்துங்க" என்றதும் ஈரல் விலாவுக்குள்ளிருந்து கீழே நழுவி வருகிறது. விட்டதும் மேலே போகிறது. மூச்சுவிடுகிற உடலின் உடற்கூறு இது.

இதனால் யாருக்கு என்ன பயன்? மெலிந்த பெண் ஒருத்தியின் வயிற்றை மருத்துவர் அழுத்திப் பார்க்கிறார். விலா விளிம்புக்குக் கீழே ஈரல் விரலில் தட்டுகிறது. பாடநூல் படத்தை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர் அதை வீக்கம் என்று எழுதிவிடலாம். ஒல்லியான நெடிய உடலில் ஈரல் இறங்கி நிற்பது இயல்பாக இருக்கலாம் என்று தெரிந்தவர், எழுதும் முன் ஒரு கணம் நிறுத்துவார். ஜெர்மனியில் 2080 பேரை ஸ்கேன் செய்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழாக அளந்த ஈரலின் சராசரி நீளம் 14 செ.மீ.; ஆண்களுக்கு 14.5, பெண்களுக்கு 13.5. உயரமும் உடல் எடையும் அந்த அளவைப் பெரிதும் மாற்றுகின்றன என்று அதே ஆய்வு சொல்கிறது. ஆக, எல்லோருக்கும் ஒரே எண்ணை வைத்தால், குட்டையான பெண்ணின் வீங்கிய ஈரல் இயல்பு என்று கடந்துபோகும். நெடிய பெண்ணின் நலமான ஈரல் நோயாகும். வகை பிரிப்பது இங்கே அவளுக்குக் காவலாக நிற்கிறது.

ஆனால் வகை பிரித்தலுக்கு வேறொரு வம்சாவளியும் இருக்கிறது. நம்மிடம் சாமுத்திரிகமும் கொக்கோகமும் பெண்ணைப் பத்தினி, சித்தினி, சங்கினி, அத்தினி என்று நான்காகப் பிரித்தன. நடை, கண், இடுப்பு, வியர்வையின் மணம் ஆகியவற்றை வைத்து, அவள் எப்படிப்பட்டவள், யாருக்கு ஏற்றவள் என்று சொல்லின. அளக்கப்பட்டவள் பெண், அந்த அளவினால் பயன் பெற்றவன் ஆண். 1921இல் ஜெர்மன் மனநல மருத்துவர் எர்ன்ஸ்ட் கிரெட்ச்மர் உடலமைப்பையும் குணத்தையும் இணைத்து ஒரு நூல் எழுதினார். 1940இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன், கல்லூரி மாணவர்கள் 4000 பேரின் ஆடையில்லாத நிழற்படங்களை வைத்து, மனித உடலை எண்டோமார்ஃப், மெசோமார்ஃப், எக்டோமார்ஃப் என்று மூன்று கூறுகளால் கணக்கிட்டார். எண்டோமார்ஃப் என்றால் செரிமான உறுப்புகள் மேலோங்கிய உடல். எனவே சுகமும் சோறும் விரும்புகிற குணம். ஈரலையும் குடலையும் பற்றிய இந்தக் கூற்றுக்கு ஆதாரம் தோலுக்கு வெளியே நின்று எடுத்த புகைப்படம்.

ஆண்களுக்கான படத்தொகுப்பை ஷெல்டன் 1954இல் வெளியிட்டார். பெண்களுக்கும் ஒன்று திட்டமிட்டார், அது வரவேயில்லை. 1950இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவிகளைப் படமெடுக்கத் தொடங்கியபோது, ஒரு மாணவி வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். பெற்றோர் கொதித்தார்கள். படங்கள் பறிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. அந்த மாணவியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அறிவியல் என்ற பெயரில் பேராசிரியர்கள் வரிசையில் நிற்கச் சொல்லும்போது, "இது எதற்கு?" என்று கேட்பதற்கு ஒரு முதலாண்டு மாணவிக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! ஷெல்டனிடம் பணியாற்றி, பிறகு அவருடைய முறையோடு முரண்பட்டு விலகியவர் பார்பரா ஹனிமேன் ஹீத் என்ற பெண். அவரும் லின்ட்ஸே கார்ட்டரும் 1967இல் வெளியிட்ட முறை, தோல்மடிப்பின் தடிமன், எலும்பின் அகலம், கை கால் சுற்றளவு ஆகியவற்றை அளந்தே வகையைக் கணிக்க வழி செய்தது. நிர்வாணப் படத்தைக் கட்டாயமாகக் கேட்காத முறை. விளையாட்டு ஆய்வுகளில் இன்றும் புழங்குவது அதுதான். அதில் உடலுக்கு எண் உண்டு, குணத்துக்கு இல்லை.

உடலை அச்சில் வார்க்கும் ஆசை ஈரல் வரை போனதற்கும் சான்று இருக்கிறது. நம் புலவர்கள் பெண்ணின் இடையை மின்னல் என்றார்கள், கொடி என்றார்கள், கடைசியில் இல்லையென்றே சொல்லிவிட்டார்கள். அங்கே அது உவமை. ஐரோப்பாவில் அதே ஆசை துணியாகவும் திமிங்கிலத் தாடைத் தகடாகவும் இழுத்துக் கட்டும் கயிறாகவும் ஆனது. சாமுவேல் தாமஸ் சோமரிங் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் 1788லேயே இறுக்குக் கச்சையின் கேடுகளைப் பற்றி எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்கள் பெண்களின் ஈரலில் ஆழமான பள்ளங்களைக் கண்டு அதற்குக் 'கச்சை ஈரல்' என்று பெயரிட்டார்கள். கச்சை விலாவை அழுத்த, விலா ஈரலை அழுத்த, அழகின் இலக்கணம் உள்ளுறுப்பில் எழுதப்பட்டது.

கதை அங்கே முடிந்தால் வசதியாக இருக்கும். 1888இல் பெர்ன்ஹார்ட் ரீடல் என்ற அறுவை மருத்துவர், வலப்பக்க மடலிலிருந்து நாக்குப் போல் கீழே தொங்குகிற ஒரு நீட்சியை விவரித்தார். இன்றும் அது ரீடல் மடல் என்றே அழைக்கப்படுகிறது. பெண்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. அதற்கும் கச்சையே காரணம் என்று பலர் சொன்னார்கள். பிற்பாடு, கச்சையே அறியாத உடல்களிலும் அந்த மடல் இருப்பதும், ஈரலின் மேற்புறப் பள்ளங்களில் பலவும் உதரவிதானத் தசைக்கட்டுகளால் உண்டாவதும் தெரிந்தது. அதாவது, சில பெண்களின் ஈரலைச் சமூகம் உண்மையிலேயே நசுக்கியது. வேறு சில பெண்களின் இயல்பான ஈரலை, அவர்களின் அலங்கார மோகத்துக்குத் தண்டனை என்று மருத்துவம் வாசித்தது. பெண்ணுடலில் மாறுபாடு தெரிந்தால் அதற்கு அவள் ஏதோ செய்திருக்க வேண்டும் என்கிற எண்ணம் அவ்வளவு பழையது.

மாறுபாடு என்றால் எதிலிருந்து? ரோமாபுரி மருத்துவர் காலென் விலங்குகளை அறுத்து எழுதியதை நம்பி, மனித ஈரலுக்கு ஐந்து மடல்கள் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். நவீன உடற்கூறியலின் தந்தை எனப்படும் வெசாலியஸ்கூட 1538இல் வெளியிட்ட படத்தில் ஐந்து மடல்களையே வரைந்தார், 1543இல்தான் திருத்தினார். அந்த 1543ஆம் ஆண்டு நூலின் முகப்பில் ஒரு பெண்ணின் சடலம் வயிறு திறந்து கிடக்கிறது. சுற்றிலும் ஆண்களின் கூட்டம். தூக்குக்குப் பயந்து தன்னைக் கர்ப்பிணி என்று சொல்லிப் பார்த்தவள் அவள் என்று வெசாலியஸே எழுதுகிறார். மடல்களின் எண்ணிக்கை திருந்தியது. யாருடைய உடல் மேசையில், யாருடைய கண்கள் சுற்றிலும் என்ற ஏற்பாடு திருந்த வெகுகாலம் ஆனது.

உடல் நிறை எண் என்கிற பி.எம்.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். 'சராசரி மனிதன்' என்ற கருத்தை 1835இல் முன்வைத்த பெல்ஜியக் கணிதவியலாளர் கெத்லேயின் சூத்திரம் அது. 1972இல் ஆன்சல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தபோது சோதித்துப் பார்த்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அனைவரும் ஆண்கள். இப்படி ஒருவரின் உடலில் எடுத்த அளவு இன்னொருவருக்குத் தீர்ப்பாவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்குத் தைமஸ் சுரப்பியின் வரலாறு போதும். உடற்கூறு மேசைக்கு வந்தவை பெரும்பாலும் ஏழைகளின் உடல்கள். நோயிலும் பட்டினியிலும் சுருங்கிப்போன அவர்களின் தைமஸையே இயல்பு என்று எழுதிவைத்தார்கள். பிறகு நலமான குழந்தைகளின் தைமஸ் 'வீக்கமாக'த் தெரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அதைச் சுருக்கக் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் தைராய்டுப் புற்றுநோய் வந்தது. பெண் குழந்தைகளுக்கு வளர்ந்த பிறகு மார்பகப் புற்றுநோய் அபாயமும் கூடியது. நோயாளி ஆக்கப்பட்டவர்கள் நோயில்லாதவர்கள்.

நம் ஊர் உடலுக்கு வருவோம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர் ஜான் யுட்கினும் 2004இல் தங்கள் படத்தையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடலுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கலாம் என்று அந்த ஒற்றைப் படம் காட்டியது. 2010இல் வெளியான மேற்கு வங்க ஆய்வு இதை ஈரலுக்கே கொண்டுவந்தது. பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் 1911 பேரைப் பரிசோதித்ததில் 8.7 சதவீதத்தினருக்கு, குடியினால் அல்லாத கொழுப்புக் கல்லீரல் இருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பி.எம்.ஐ. 25க்குக் கீழே. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொப்பைகூடக் கிடையாது.

"உனக்கென்ன, கொடி மாதிரி இருக்கே" என்று நம் வகுப்பறைகளில் மாணவிகள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வதை இந்த எண்களோடு சேர்த்துக் கேட்க வேண்டும். மெலிவை நலம் என்றும் பருமனைக் குற்றம் என்றும் வாசிக்கிற கண் இருவரையும் ஏமாற்றுகிறது. மெலிந்தவளுக்கு ஸ்கேன் எழுதிக்கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. பருத்தவளுக்கோ, தலைவலி என்று போனாலும் "முதல்ல எடையைக் குறைம்மா" என்பதோடு மருத்துவம் முடிந்துவிடுகிறது. ஒரே வகைப்படுத்தலின் இரண்டு பக்கங்கள் இவை.

கருவியின் மொழியையும் கவனிக்க வேண்டும். ஈரலைப் பார்க்கும் ஸ்கேன் கருவி நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உடலுக்குள் அனுப்பி எதிரொலியைப் படமாக்குகிறது. கொழுப்புத் திசு தடிமனாக இருந்தால் ஒலி வழியிலேயே தேய்ந்துபோகும், படம் மங்கும். அப்போது அறிக்கையில் ஒரு வரி வருவதுண்டு: நோயாளியின் உடல்வாகு காரணமாகப் பரிசோதனை முழுமையாக இல்லை. இலக்கணம் நடத்துகிறவளுக்கு இந்த வாக்கியம் உறுத்துகிறது. எட்ட முடியாமல் போனது கருவி. வாக்கியத்தில் காரணமாக நிற்பதோ அவள் உடல். "இந்தக் கருவியால் இந்த ஆழம் வரை பார்க்க முடியவில்லை" என்று எழுதினாலும் தகவல் அதேதான். ஆனால் முதல் வாக்கியத்தைப் படித்தவள் வீட்டுக்கு வந்து பட்டினி கிடப்பாள். இரண்டாவதைப் படித்தவள் வேறு என்ன பரிசோதனை இருக்கிறது என்று கேட்பாள்.

அந்தக் கருவி பெண்ணுடலில் எதைத் தேடியது என்பதும் நம் கேள்விதான். இயான் டொனால்டும் அவருடைய கூட்டாளிகளும் கிளாஸ்கோவில் செய்த மீயொலி ஆய்வை 1958இல் வெளியிட்டார்கள். குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது அகற்றக்கூடிய சினைப்பைக் கட்டிதான் என்று அந்தக் கருவி காட்டியது, அவள் பிழைத்தாள். அதே கருவி நம் நாட்டுக்கு வந்து எத்தனை பெண் கருக்களைத் தேடிப் பிடித்தது என்பதை நாம் அறிவோம். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994இல் சட்டம் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் தொங்குகிற அறிவிப்புப் பலகை அந்த வரலாற்றின் மிச்சம். நம் பெண்களில் பலர் ஸ்கேன் மேசையில் படுப்பது கர்ப்பப்பைக்காகவும் சினைப்பைக்காகவும்தான். சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லப்பட்ட மாணவிகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்த நிலை உள்ளவர்களுக்குக் கொழுப்புக் கல்லீரல் வரும் வாய்ப்பும் கூடுதல் என்று மருத்துவம் சொல்கிறது. ஆனால் "எப்போ குழந்தை பெத்துக்க முடியும்?" என்ற கேள்வி முடிந்ததும் பல வேளைகளில் பரிசோதனையும் முடிந்துவிடுகிறது. ஒரு சாண் மேலே இருக்கிற ஈரலை யாரும் கேட்பதில்லை.

அவளுடைய ஈரலை மிகுந்த கவனத்தோடு அளக்கிற தருணம் ஒன்று உண்டு. அது அவள் அதைக் கொடுக்க முன்வரும்போது. உயிருள்ளவர் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கும்போது, பெறுகிறவரின் உடல் எடையில் சுமார் 0.8 சதவீதமாவது அந்தப் பகுதி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஸ்கேனும் சி.டி.யும் எடுத்து, மடல்களின் கன அளவையும் ரத்தக் குழாய்களின் கிளைகளையும் மில்லிமீட்டர் வரை பார்க்கிறார்கள். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளில் பெண்கள் பெற்றவை 6,945 மட்டுமே. உயிருள்ள கொடையாளர்களில் பெரும்பான்மையினர் மனைவிகளும் அம்மாக்களும்தான். நாட்டின் வெற்றிகரமான முதல் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையில், 1998இல், கைக்குழந்தையான மகனுக்கு ஈரலைக் கொடுத்தவர் ஒரு தந்தை என்பதையும் சொல்ல வேண்டும். அன்பு ஒரு பாலினத்தின் தனிச்சொத்து இல்லை. ஆனால் "வேலைக்குப் போறவன், அவனை எப்படிக் கத்திக்குக் கொடுக்கிறது" என்று வீடுகள் கணக்குப் போடும்போது, யாருடைய உடல் செலவழிக்கக்கூடியது என்ற பழைய பட்டியல்தான் எடுத்துப் பார்க்கப்படுகிறது. ஸ்கேன் அவள் ஈரலின் அளவைத் துல்லியமாகச் சொல்லும். அவளுடைய சம்மதத்தின் அளவை அளக்க அதனிடம் வழியில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, உடலை அளக்கவே கூடாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. அளக்காமல் விட்டதால் நாம் இழந்தது அளந்ததால் இழந்ததற்குக் குறைந்ததில்லை. கீஸின் கணக்கில் பெண்கள் இல்லாமல் போனது அளக்கப்படாததால்தான். பீர்பூம் கிராமத்து ஈரல்கள் வெளிச்சத்துக்கு வந்தது யாரோ கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனதால்தான். உடல்வாகுக்கும் ஈரலுக்கும் உள்ள உறவை ஆராய்கிறவர்கள் செய்ய வேண்டிய வேலை இன்னும் இருக்கிறது. நம் பெண்களின் உடல்களிலும் அது நடக்க வேண்டும்.

நான் கேட்பது, அந்த வகை என்ன வேலை செய்கிறது என்பதைத்தான். உன் மார்பு ஒடுக்கமானது, எனவே ஈரல் கீழே இருக்கலாம், கருவியை இன்னும் சற்று இறக்கிப் பார்க்கிறேன் என்று சொல்லும்போது, வகை ஒரு தேடலின் தொடக்கம். உன் உடல் இப்படி, எனவே நீ இப்படிப்பட்டவள் என்று சொல்லும்போது அது தேடலை முடித்துவைக்கிறது. முதலாவதில் அவள் தனியொருத்தியாகப் பார்க்கப்படுகிறாள். இரண்டாவதில் பார்க்கவே வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. பத்தினி, சங்கினி முதல் எண்டோமார்ஃப் வரை நம்மைக் காயப்படுத்திய பெயர்களெல்லாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

அடுத்த முறை ஒரு ஸ்கேன் அறிக்கை உங்கள் கைக்கு வரும்போது, ஈரலுக்கு எதிரே எழுதியிருக்கும் செ.மீ. அளவைப் பாருங்கள். இயல்பு என்றோ அதிகம் என்றோ இருந்தால், என் உயரத்துக்கும் என் உடம்புக்கும் இது எப்படி என்று கேளுங்கள். பதில் சொல்லும் மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்கிற பெண்களின் எண்ணிக்கைதான் இன்னும் குறைவு.